எதிர்வாதம் அறிந்த இயந்திரம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சட்டத் தர்க்கத்தையும் வாதத்தையும் கணினியில் வடிக்கும் ஆய்வுத்துறை பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறேன். ஒரே பொருளைப் பலர் கேட்டிருந்த இடங்களில் அவற்றை ஒரே கேள்வியாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: சட்டம் என்பது விதிகளின் தொகுப்பு. விதிகளைப் பிசகாமல் பின்பற்றுவதில் கணினியை மிஞ்ச ஆளில்லை. அப்படியிருக்க, ஒரு சட்டத்தை வரிக்கு வரி நிரலாக எழுதிவிட்டால் வேலை முடிந்துவிடாதா? (சட்டக் கல்லூரி மாணவி)

பதில்: நீங்கள் சொல்வதை ஏறக்குறைய அப்படியே செய்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். லண்டன் இம்பீரியல் கல்லூரியின் மாரெக் செர்கோட், ராபர்ட் கோவால்ஸ்கி முதலியோர் 1981ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் குடியுரிமைச் சட்டத்தின் பெரும்பகுதியைப் புரோலாக் என்னும் தர்க்க நிரல்மொழியில் எழுதி, அந்த முயற்சியை 1986இல் கட்டுரையாக வெளியிட்டார்கள். அதன் முதல் பிரிவின் முதல் உட்பிரிவைப் பாருங்கள். சட்டம் நடைமுறைக்கு வந்தபின் அந்நாட்டில் பிறந்த ஒருவரின் தந்தையோ தாயோ, அவர் பிறந்த நேரத்தில் அந்நாட்டுக் குடியுரிமை பெற்றவராகவோ அங்கே நிலையாகக் குடியமர்ந்தவராகவோ இருந்தால், பிறந்தவர் குடியுரிமை பெறுகிறார் என்பது அதன் சாரம். ‘இது இருந்தால் அது’ என்ற அமைப்பில் இது நிரலுக்குள் சிரமமின்றிப் போய் உட்கார்ந்துகொள்கிறது.

அடுத்த உட்பிரிவுக்கு வந்ததும் நிலைமை மாறுகிறது. பிறந்து சில நாள்களே ஆன குழந்தை ஒன்று கைவிடப்பட்ட நிலையில் அந்நாட்டில் கண்டெடுக்கப்பட்டால், மாறாக மெய்ப்பிக்கப்படாத வரை, அது அங்கேயே, முதல் உட்பிரிவு கேட்கும் தகுதியுள்ள பெற்றோருக்குப் பிறந்ததாகக் கொள்ளப்படும் என்கிறது சட்டம். ‘மாறாக மெய்ப்பிக்கப்படாத வரை’ என்ற சொற்றொடரைக் கவனியுங்கள். பள்ளியில் கற்ற தர்க்கத்தில் ஒருமுறை நிறுவப்பட்ட முடிவு என்றைக்கும் நிறுவப்பட்டதுதான். புதிதாக எதைச் சேர்த்தாலும் பழைய முடிவு அழியாது. இங்கேயோ இன்று குடியுரிமை உண்டு என்று சொன்ன நிரல், நாளை ஒரு பிறப்புச் சான்றிதழ் கிடைத்தவுடன் தன் முடிவைத் திரும்பப் பெற்றாக வேண்டும். சட்டத்தில் ‘ஆயினும்’, ‘நீங்கலாக’, ‘எனினும்’ என்று வரும் ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னாலும் இப்படி முறியடிக்கத்தக்க ஒரு முடிவு நிற்கிறது. ஆகவே இத்துறைக்கு முதலில் தேவைப்பட்டது வேகமான கணினி அன்று. பின்வாங்கத் தெரிந்த ஒரு தர்க்கம்.

இரண்டாவது சிக்கல் சொற்களில் இருக்கிறது. வெளிநாட்டவர் குடியுரிமை பெற நன்னடத்தை வேண்டும் என்று அதே சட்டம் கேட்கிறது. நன்னடத்தை எது என்பதை எந்த நிரல் வரி சொல்லும்? சட்டத் தத்துவ அறிஞர் ஹெச். எல். ஏ. ஹார்ட் 1958இல் எழுதிய ஒரு கட்டுரையில், பூங்காவுக்குள் வாகனங்கள் வரக்கூடாது என்ற விதியை எடுத்துக்கொண்டு, காரைத் தடுக்கும் அந்த விதி மிதிவண்டியையும் சக்கரக் காலணியையும் பொம்மைக் காரையும் தடுக்குமா என்று கேட்டார். சொல்லுக்கு ஐயமற்ற ஒரு நடுப்பகுதியும், அதைச் சூழ்ந்த மங்கலான ஓரமும் உண்டு. வழக்குகள் பெரும்பாலும் ஓரத்தில்தான் பிறக்கின்றன.

இந்த இடத்தில் நான் மிகவும் மதிப்பது ஆன் கார்ட்னர் 1980களில் செய்த வேலையை. ஒப்பந்தச் சட்டத்தில் முன்மொழிவும் ஏற்பும் பற்றிய கேள்விகளை ஆராயும்படி அவர் எழுதிய நிரல், எல்லாவற்றுக்கும் விடை சொல்ல முயலவில்லை. எந்தக் கேள்விக்கு விதியே தெளிவான விடை தருகிறது, எந்தக் கேள்வியில் திறமையான இரு வழக்கறிஞர்கள் நேர்மையாகவே வேறுபடுவார்கள் என்று பிரித்துக் காட்டுவதே அதன் நோக்கம். தனக்கு எல்லை எது என்று அறிவிக்கும் கருவியைத்தான் நான் நம்புவேன்.

கேள்வி: கணிதத்தில் ஒரு கூற்றும் அதன் மறுப்பும் ஒருசேர உண்மையாக இருக்க முடியாது. நீதிமன்றத்திலோ இரு வழக்கறிஞர்கள் ஒரே சட்டத்திலிருந்து நேரெதிரான முடிவுகளுக்கு வருகிறார்கள். இந்த முரண்பாட்டைக் கணினி எப்படித் தாங்கும்? (ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்)

பதில்: ஐயா, கணித ஆசிரியர் கேட்க வேண்டிய கேள்வியைத்தான் கேட்டிருக்கிறீர்கள். செவ்வியல் தர்க்கத்தில் ஒரு முரண்பாடு நுழைந்துவிட்டால் அதிலிருந்து எதை வேண்டுமானாலும் வருவித்துவிடலாம், அமைப்பே குலைந்துபோகும். இதற்கு ஒரு தெளிவான வழியைத் தாய்லாந்தின் ஆசியத் தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றிய ஃபான் மின் டுங் 1995இல் காட்டினார். வாதத்தின் உள்ளே என்ன இருக்கிறது என்பதைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, எந்த வாதம் எந்த வாதத்தைத் தாக்குகிறது என்பதை மட்டும் புள்ளிகளாகவும் அம்புகளாகவும் வரைவது அவருடைய முறை.

ஓர் எடுத்துக்காட்டு. ‘ஒப்பந்தத்தில் கையெழுத்து இருக்கிறது, ஆகவே அது கட்டுப்படுத்தும்’ என்பது முதல் வாதம். ‘கையெழுத்திட்டவர் அன்று உரிய வயதை எட்டவில்லை’ என்பது இரண்டாவது. இது முதலாவதைத் தாக்குகிறது. ‘வயதுக்குச் சான்றாகக் காட்டிய பத்திரம் வேறொருவருடையது’ என்பது மூன்றாவது. இது இரண்டாவதைத் தாக்குகிறது. மூன்றாவதைத் தாக்க எதுவும் இல்லை, ஆகவே அது நிற்கிறது. அது நிற்பதால் இரண்டாவது விழுகிறது. தன்னைத் தாக்கியது விழுந்துவிட்டதால் முதலாவது மறுபடி எழுந்து நிற்கிறது. நாளை நான்காவதாக ஒரு வாதம் வந்து மூன்றாவதை வீழ்த்தினால் எல்லாம் மீண்டும் தலைகீழாகும். இரண்டு வாதங்கள் ஒன்றையொன்று தாக்கி, வேறெதுவும் உதவிக்கு வராதபோது என்ன செய்வது? ஒன்றை ஏற்றுக்கொண்ட உலகம், மற்றதை ஏற்றுக்கொண்ட உலகம், இரண்டையும் ஏற்காமல் நிறுத்திவைத்த உலகம் ஆகிய மூன்றையும் இந்த அமைப்பு தனித்தனியாகக் காட்டும். முரண்பாடு இங்கே ஒழித்துக்கட்ட வேண்டிய பிழையாகக் கருதப்படுவதில்லை. அமைப்பு வேலை செய்வதே அதை வைத்துத்தான்.

டுங் வாதத்தின் உட்புறத்தை ஒதுக்கினார் என்றால், அதற்குச் சில ஆண்டுகள் முன்பே உட்புறத்தில் இறங்கி வேலை செய்தவர் கெவின் ஆஷ்லி. எட்வினா ரிஸ்லேண்டின் வழிகாட்டுதலில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் அவர் உருவாக்கிய ஹைப்போ என்னும் நிரல், வர்த்தக ரகசியத் திருட்டு வழக்குகளைப் பற்றியது. ரகசியம் எத்தனை வெளியாருக்குச் சொல்லப்பட்டது, அதைக் காக்க நிறுவனம் என்ன ஏற்பாடு செய்திருந்தது, ஊழியருக்குப் பணம் கொடுத்து இழுத்தார்களா என்பன போன்ற 13 அளவுகோல்களில் ஒவ்வொரு முன்தீர்ப்பையும் அது நிறுத்தி வைத்தது. ஒரு புதிய வழக்கின் விவரங்களைக் கொடுத்தால், முதலில் வாதிக்குச் சாதகமான முன்தீர்ப்பு ஒன்றைக் காட்டி வாதாடும். அடுத்து பிரதிவாதியின் இடத்தில் நின்று அந்தத் தீர்ப்பு இங்கே ஏன் பொருந்தாது என்று வேறுபடுத்திக் காட்டும், எதிரான வேறொரு தீர்ப்பையும் எடுத்து வைக்கும். மூன்றாவதாக வாதியின் மறுமொழியைச் சொல்லும். பின்னர் வின்சென்ட் அலெவன் இதே வழியில் உருவாக்கிய கேட்டோ, சட்ட மாணவர்களுக்கு வாதாடப் பயிற்சி தரவே அமைந்தது. ‘யார் ஜெயிப்பார்’ என்று கேட்காமல் ‘இன்னார் தரப்பில் என்ன சொல்லலாம், அதற்கு எதிர்த்தரப்பு என்ன சொல்லும்’ என்று கேட்ட இந்த மாற்றத்தை இத்துறையின் பெரிய திருப்பமாக நான் கருதுகிறேன்.

கேள்வி: முன்தீர்ப்புகளை ஒப்பிடுவது வெறும் ஒற்றுமை வேற்றுமைக் கணக்கு அன்று. நீதிபதி மனத்தில் ஒரு நோக்கம் இருக்கிறது. அந்த நோக்கத்தைக் கணினி எப்படிப் பிடிக்கும்? (வழக்கறிஞர்)

பதில்: இதே குறையைச் சட்டப் பேராசிரியர் டொனால்ட் பெர்மனும் கணினியியலாளர் கரோல் ஹாஃப்னரும் 1993இல் எடுத்துச் சொன்னார்கள். அவர்கள் கையில் எடுத்த மூன்று பழைய வழக்குகளை இன்றுவரை இத்துறையினர் உரைகல்லாக வைத்திருக்கிறார்கள். சற்று நிதானமாகப் பார்ப்போம்.

முதலாவது, 1707ஆம் ஆண்டின் இங்கிலாந்து வழக்கு. கீபிள் என்பவர் தம் சொந்த நிலத்தில் குளம் அமைத்துக் காட்டு வாத்துகளை வரவழைத்துப் பிடித்து விற்றுவந்தார். ஹிக்கரிங்கில் துப்பாக்கியால் சுட்டு வாத்துகளை விரட்டிவிட்டார். கீபிள் வென்றார். இரண்டாவது, 1805இல் நியூயார்க் நீதிமன்றம் தீர்த்தது. போஸ்ட் என்பவர் வேட்டை நாய்களோடு ஒரு நரியை யாருக்கும் உரிமையில்லாத வெளியில் துரத்திக்கொண்டிருந்தபோது, பியர்சன் குறுக்கே வந்து அதைக் கொன்று தூக்கிச் சென்றார். போஸ்ட் தோற்றார். மூன்றாவது, 1844இன் யங் வழக்கு. கடலில் மீன் கூட்டத்தைச் சுற்றி யங் வலையை ஏறக்குறைய மூடிவிட்ட நேரத்தில், மிச்சமிருந்த சிறு இடைவெளி வழியாக ஹிட்சன்ஸ் உள்ளே புகுந்து மீனை அள்ளிக்கொண்டார். யங் தோற்றார்.

மூன்று வழக்கிலும் வாதியின் கையில் விலங்கு இன்னும் அகப்படவில்லை. யங்கின் வழக்கை எடுத்துக்கொண்டால், பிழைப்புக்காகச் செய்த தொழில் என்பதில் அது வாத்து வழக்கை ஒத்திருக்கிறது. சொந்த நிலம் இல்லை என்பதில் நரி வழக்கை ஒத்திருக்கிறது. கூறுகளை எண்ணிப் பார்த்து எந்தப் பக்கம் சாய்வது? எண்ணிக்கை கை கொடுக்காது. ஒவ்வொரு கூறும் எந்த நோக்கத்துக்குத் துணை செய்கிறது என்று கேட்டால்தான் வழி திறக்கிறது. கையில் பிடித்தால்தான் உரிமை என்ற தெளிவான கோடு, ஓயாத வழக்குகளைத் தவிர்க்கிறது. பயனுள்ள தொழிலுக்குக் காவல் தருவது வேறொரு நோக்கம். நில உரிமையைக் காப்பது மூன்றாவது. வாத்து வழக்கில் பின்னிரண்டும் கீபிளின் பக்கம் நின்றன. மீன் வழக்கில் இருவருமே மீனவர்கள். தொழிலைக் காப்பது என்ற நோக்கம் இரு தட்டிலும் ஒரே எடையாக விழுந்துவிடுவதால், தெளிவான கோடு என்பது முன்னுக்கு வருகிறது.

நரி வழக்கில் நீதிபதி லிவிங்ஸ்டன் மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். நரி விவசாயிகளுக்குத் தொல்லை தரும் விலங்கு, அதை வேட்டையாடுவோருக்கு ஊக்கம் தருவதே பொதுநலன் என்பது அவர் எண்ணம். அவருக்கும் பெரும்பான்மைக்கும் உண்மை விவரங்களில் தகராறு இல்லை. நோக்கங்களை வரிசைப்படுத்துவதில்தான் வேறுபாடு. கணினியியலாளர் ட்ரெவர் பெஞ்ச்-கேப்பன் 2003இல் டுங்கின் அம்புப் படத்தோடு இதை இணைத்தார். ஒவ்வொரு வாதமும் எந்த விழுமியத்தை உயர்த்துகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். தாக்கப்படும் வாதத்தின் விழுமியத்தை மேலானதாகக் கருதுபவரிடம் அந்தத் தாக்குதல் பலிக்காது. விழுமிய வரிசையை மாற்றினால் பெரும்பான்மைத் தீர்ப்பும் லிவிங்ஸ்டனின் தீர்ப்பும் ஒரே படத்திலிருந்து வெளிவருகின்றன. தோற்றுப்போன கருத்தையும் அதற்குரிய மரியாதையோடு காட்டும் மாதிரி எனக்கு மிகவும் பிடித்தமானது, ஏனெனில் இன்றைய மாறுபட்ட தீர்ப்பு நாளைய சட்டமாக வருவதைச் சட்ட வரலாற்றில் பலமுறை காண்கிறோம்.

ஆனால் இந்த மாதிரிகளும் ஓரிடத்தில் திணறின. 2001இல் அமெரிக்க பேஸ்பால் வீரர் பேரி பாண்ட்ஸ் அந்தப் பருவத்தின் 73ஆவது ஹோம் ரன்னாக அடித்த பேஸ்பால் பந்து பார்வையாளர் பகுதியில் விழுந்தது. போபோவ் என்ற பார்வையாளரின் கையுறைக்குள் அது நுழைந்த நொடியில் கூட்டம் அவர்மேல் விழுந்து அமுக்கியது. உருண்டு வந்த பந்தை, அந்த அமளியில் குற்றம் எதுவும் செய்யாத இன்னொரு பார்வையாளர் ஹயாஷி எடுத்துக்கொண்டார். பழைய நரி, மீன் வழக்குகள் 2002இல் சான் பிரான்சிஸ்கோ நீதிமன்றத்தில் மறுபடி உயிர்பெற்றன. நீதிபதி இருவருக்கும் சம உரிமை உண்டு, பந்தை விற்றுப் பங்கிட்டுக்கொள்ளுங்கள் என்றார்; பந்து 4,50,000 டாலருக்கு விற்றது. வாதி அல்லது பிரதிவாதி என்று இரண்டே விடைகளை எதிர்பார்த்துக் கட்டிய மாதிரிகளுக்கு, மூன்றாவது விடை எங்கிருந்து வந்தது என்பது பெரிய பாடமாக அமைந்தது. ஆய்வாளர்கள் இந்த ஒரே வழக்கைத் தத்தம் முறையில் வடித்துக் காட்டிப் பல கட்டுரைகள் எழுதினார்கள்.

கேள்வி: மெய்ப்பிக்கும் பொறுப்பு யாருடையது என்பதையும் இந்த நிரல்கள் கணக்கில் கொள்கின்றனவா? (அரசு அலுவலர்)

பதில்: கொள்ளாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஆஸ்திரேலியாவின் ரோபோடெட் திட்டம் சாட்சி. உதவித்தொகை பெற்றவர்களின் ஆண்டு வருமானத்தை வரித்துறையிடமிருந்து எடுத்து, அதை இரு வாரப் பகுதிகளாகச் சமமாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் அவ்வளவு சம்பாதித்ததாகக் கொண்டு, கூடுதலாகப் பெற்ற தொகையைத் திருப்பித் தரும்படி கணினி வழியாகக் கோரிக்கை அனுப்பினார்கள். சட்டமோ அந்தந்த இரு வாரத்தில் உண்மையில் ஈட்டிய வருமானத்தைத்தான் கேட்டது. சில மாதம் வேலை செய்து சில மாதம் வேலையின்றி இருந்தவர்கள், வாங்காத கடனுக்குப் பொறுப்பாக்கப்பட்டார்கள். கடன் இல்லை என்று காட்டும் சுமையும் அவர்கள் தலையிலேயே விழுந்தது. திட்டம் சட்டவிரோதமானது என்று 2019இல் நீதிமன்றத்தில் அரசே ஒப்புக்கொண்டது. விசாரணை ஆணையம் 2023இல் அறிக்கை தந்தது. பெருக்கல் வகுத்தலில் இயந்திரம் பிழை செய்யவில்லை. சட்டத்தை நிரலாக்கியவர்கள், வேறொரு விதியைச் சட்டத்தின் இடத்தில் வைத்துவிட்டார்கள். எளிய மனிதர்கள் பட்ட அந்தத் துன்பத்தை நினைக்கும்போது, இந்த ஆய்வு ஏட்டுப் படிப்பாக நின்றுவிடக் கூடாது என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆய்வு உலகில் இதற்கு விடை இருந்தது. தாமஸ் கார்டன், ஹென்றி பிராக்கன், டக்ளஸ் வால்டன் ஆகிய மூவர் 2007இல் விவரித்த கார்னியடீஸ் மாதிரி, ஒவ்வொரு கூற்றுக்கும் அதை மெய்ப்பிக்க வேண்டியவர் யார், எந்த அளவுக்கு மெய்ப்பித்தால் போதும் என்று தனியே குறிக்கிறது. உரிமையியல் வழக்கில் போதுமான சான்று, குற்றவியல் வழக்கில் போதாமல் போகும் என்பதை அது அறியும். கி.மு. 155இல் ரோமாபுரியில் ஒரு நாள் நீதிக்கு ஆதரவாகவும் மறுநாள் எதிராகவும் பேசியதாகச் சொல்லப்படும் கிரேக்கத் தத்துவ ஞானியின் பெயர் அது.

கேள்வி: இந்தச் சிந்தனை எவ்வளவு பழையது? (கல்லூரி நூலகர்)

பதில்: சட்டம் பயின்று 1666இல் பட்டம் பெற்ற ஜெர்மானியத் தத்துவ அறிஞர் லைப்னிட்ஸ், தகராறுகளைக் கணக்கிட்டே தீர்க்கும் ஒரு குறியீட்டு மொழியைக் கனவு கண்டார். சட்ட ஆவணங்களை எழுதக் குறியீட்டுத் தர்க்கம் உதவும் என்று அமெரிக்கச் சட்ட அறிஞர் லேமன் ஆலன் 1957இல் எழுதினார். செயற்கை நுண்ணறிவும் சட்டமும் பற்றிய பன்னாட்டு மாநாட்டுத் தொடர் 1987இல் பாஸ்டனில் தொடங்கியது.

கேள்வி: இன்றைய உரையாடல் செயலிகள் கேட்டவுடன் மனுவையே எழுதித் தருகின்றன. இந்தப் பழைய மாதிரிகளுக்கு இனி என்ன வேலை? (மென்பொருள் பொறியாளர், இதே கேள்வியை இன்னும் சிலரும் கேட்டிருக்கிறார்கள்)

பதில்: 2023இல் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றத்தில் தாக்கலான ஒரு மனுவில், அப்படியொரு செயலி கற்பனையாகப் புனைந்த முன்தீர்ப்புகள் இடம்பெற்றிருந்தன. எதிர்த்தரப்பு தேடிப் பார்த்தபோது அத்தகைய வழக்குகளே இல்லை. சம்பந்தப்பட்ட வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. இத்தகைய செயலிகளை இயக்கும் மொழி மாதிரி, அடுத்து வரத்தக்க சொல் எது என்று கணிப்பதில் வல்லது. ஒரு தீர்ப்பின் பெயர் எப்படி இருக்கும் என்று அதற்குத் தெரியும், அந்தத் தீர்ப்பு உண்டா என்று தனியே விசாரிக்கும் உறுப்பு இயல்பாக அதற்குள் இல்லை.

முடிவைக் கணிக்கும் நிரல்களையும் இதே கண்ணால் பார்க்க வேண்டும். ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் 584 வழக்குகளை வைத்து 2016இல் வெளியான ஓர் ஆய்வு, 79 சதவீதம் சரியாகக் கணித்ததாக அறிவித்தது. ஆனால் நிரல் படித்தது, நீதிமன்றம் முடிவு செய்தபின் தானே எழுதிய தீர்ப்பின் பகுதிகளை. முடிவை அறிந்தவர் விவரங்களைச் சொல்லும் விதத்திலேயே முடிவின் சாயல் படிந்திருக்கும் அல்லவா? அதைவிட முக்கியமாக, எந்தச் சொற்கள் அடிக்கடி வந்தன என்பது ஒருவர் ஏன் தோற்றார் என்பதற்குக் காரணம் ஆகாது. தோற்றவருக்குக் காரணம் தெரிய வேண்டும். தெரிந்தால்தான் மேல்முறையீட்டில் அந்தக் காரணத்தை அவர் தாக்க முடியும்.

ஆகவே இரண்டையும் பொருத்துவதில்தான் எனக்கு நம்பிக்கை. ஹைப்போவின் காலத்தில் ஒவ்வொரு தீர்ப்பையும் மனிதர்களே படித்து, அதிலுள்ள கூறுகளைக் கையால் பதிய வேண்டியிருந்தது. அந்த உழைப்புதான் இத்துறையைப் பல ஆண்டுகள் சோதனைக்கூடத்திலேயே நிறுத்தியது. நீண்ட தீர்ப்பைப் படித்து, ‘ரகசியம் வெளியாருக்குச் சொல்லப்பட்டது’ என்ற கூறு எந்தப் பத்தியில் இருக்கிறது என்று சுட்டும் வேலைக்கு மொழி மாதிரி பொருத்தமானது. சுட்டிய இடத்தை மனிதர் சரிபார்த்தபின், எந்த வாதம் எதைத் தாக்குகிறது, எது நிற்கிறது என்று தீர்மானிப்பதை வாத மாதிரியிடம் விடலாம். அங்கே ஒவ்வொரு அடிக்கும் கணக்குக் கேட்க முடியும்.

கேள்வி: எனக்கு நிரல் எழுதத் தெரியாது. இதை எங்கிருந்து தொடங்கிக் கற்கலாம்? (சட்ட உதவி மையத் தன்னார்வலர்)

பதில்: ஒரு தாளும் பென்சிலும் போதும். சான்றுச் சட்ட அறிஞர் ஜான் விக்மோர், கணினி பிறப்பதற்கு நெடுநாள் முன்னரே, 1913இல், ஒரு வழக்கின் சான்றுகள் எது எதைத் தாங்குகிறது, எது எதைத் தகர்க்கிறது என்று கோடுகளால் வரைந்து காட்டும் முறையை வகுத்தார். உங்களுக்குப் பழக்கமான துறையில் மாறுபட்ட தீர்ப்பும் சேர்ந்திருக்கும் ஒரு சிறிய வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வாதத்தையும் ஒரே வாக்கியமாகச் சுருக்கித் தனித்தனிக் கட்டத்தில் எழுதி, தாங்குவதற்கு ஒரு நிறத்திலும் தாக்குவதற்கு வேறு நிறத்திலும் அம்பு போடுங்கள். ஒவ்வொரு கட்டத்தின் அருகிலும் அதை மெய்ப்பிக்க வேண்டியவர் யார் என்று குறியுங்கள். எங்கே உங்களால் அம்பு போட முடியவில்லையோ, அங்கே தீர்ப்பில் சொல்லாமல் விட்ட ஓர் அனுமானம் இருக்கும். அதைக் கண்டுபிடித்துப் புள்ளிக்கோட்டுக் கட்டமாக வரையுங்கள். முதல் முறை ஒரு முழு நாள் பிடிக்கலாம். வரைந்து முடித்ததும், தோற்ற தரப்பின் கட்டங்களை மட்டும் படித்து, அவருக்காக இன்னும் ஓர் அம்பு போட இடமிருக்கிறதா என்று பாருங்கள்.